வயது ஏற ஏற சர்க்கரையும் கொழுப்பும் உடம்பில் எங்கே போகின்றன?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 52. முப்பது வயதில் இருந்த அதே 66 கிலோ, அதே சாப்பாடு, எண்ணெய்ப் பலகாரம் பக்கம்கூடப் போவதில்லை. ஆனாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 6.0, இரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு 210, பேன்ட் மட்டும் இடுப்பில் இறுக்குகிறது. "வயசானா மெட்டபாலிசம் குறைஞ்சிடும், அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்வது சரியா என்பது ஒன்று. 12 வருடமாகச் சுகர் மாத்திரை சாப்பிடும் 76 வயது அம்மாவுக்கு இப்போது எடையும் இறங்குகிறது, சர்க்கரையும் இறங்குகிறது, இது நல்ல செய்திதானே என்பது இன்னொன்று.

எனக்குக் கவலை தருவது இரண்டாவது கேள்விதான். முதலாவது விளங்கினால்தான் அது விளங்கும் என்பதால் கடைசியில் வருகிறேன், நீங்கள் அதற்குள் அம்மாவின் டாக்டருக்கு ஒரு போன் போட்டு வையுங்கள். நான் உயிர்வேதியியல் பாடம் நடத்துகிறவன், மருந்துச்சீட்டு எழுதுகிறவன் இல்லை. மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ அவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

முதலில் இந்த "மெட்டபாலிசம் குறைஞ்சிடும்" கதை. 2021இல் சயன்ஸ் இதழில் ஹெர்மன் பான்ட்சர் குழுவினரின் ஆய்வு ஒன்று வந்தது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்கள், பிறந்து எட்டு நாளான குழந்தையிலிருந்து 95 வயது வரை. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்து, அவை எந்த வேகத்தில் உடம்பை விட்டு வெளியேறுகின்றன என்று சிறுநீரில் அளந்து, ஒருவர் தினமும் மொத்தம் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறார் என்று கணக்கிடும் முறை இது. உடல் அளவையும் தசை அளவையும் கழித்துவிட்டுப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை அந்தச் செலவு ஏறக்குறைய நேர்கோடு. 60க்குப் பிறகுதான் ஆண்டுக்கு சுமார் 0.7 சதவீதம் குறைகிறது. அதாவது உங்கள் வயதில் அடுப்பு அணையவில்லை. உங்கள் அம்மாவுக்குக் குறைந்திருக்கும், அது வேறு.

அப்படியென்றால் 108உம் 210உம் எங்கிருந்து வந்தன? இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். உடம்பில் ஓடும் இரத்தம் சுமார் 5 லிட்டர். ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 100 மி.கி. சர்க்கரை என்றால் மொத்த இரத்தத்திலும் சேர்த்து 5 கிராம், ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். காலையில் நான்கு இட்லி சாப்பிடுகிறீர்கள், அதில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது, சட்னி சாம்பார் கணக்கு தனி. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் குளுக்கோஸாகி இரத்தத்துக்குள் இறங்குகிறது. ஒரு டீஸ்பூன் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு ஒன்பது டீஸ்பூன்! ஆனாலும் இளவயது ஆரோக்கியமான ஆளுக்கு அளவு 140ஐத் தாண்டுவது அபூர்வம், காரணம் வர வர அது வேறெங்கோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. கொஞ்சம் கல்லீரலுக்குப் போகிறது, அங்கே கிளைகோஜன் என்கிற சேமிப்பு வடிவில் 100 கிராம் அளவுக்குத்தான் சேமிக்க முடியும். மூளை தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பெரிய குதிர் எது என்றால் தசைதான், உடம்பு முழுவதும் உள்ள தசையில் 400 கிராம் வரை கிளைகோஜன் பிடிக்கும். கணையம் சுரக்கும் இன்சுலினை இரத்தநாளத்தில் செலுத்தி அளந்த ஆய்வுகளில், இரத்தத்திலிருந்து அகற்றப்பட்ட குளுக்கோஸில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தசைக்குத்தான் போயிருக்கிறது.

வயதின் கை முதலில் படுவது இங்கேதான். முப்பதுகளுக்குப் பிறகு, பயிற்சி எதுவும் இல்லாத ஆளுக்குப் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது, 60க்கு மேல் இன்னும் வேகமாக. வலிக்காது, எடை மெஷினிலும் தெரியாது, ஏனென்றால் போன தசையின் இடத்தைக் கொழுப்பு நிரப்பிக்கொண்டே வருகிறது. "அதே 66 கிலோ" என்று நீங்கள் நிம்மதியாகச் சொன்னீர்களே, எனக்கு அந்த வரிதான் முதலில் உறுத்தியது. முப்பதில் இருந்த 66 வேறு, இப்போதைய 66 வேறு.

நம் ஊர் உடம்புக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். 2004இல் லான்செட் இதழில் இரண்டு விஞ்ஞானிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று வந்தது: புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, ஒரே 22.3. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் யுட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் எவ்வளவு கொழுப்பு ஒளிந்திருக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல படம் நான் பார்த்ததில்லை. எனவே பிஎம்ஐயை விட்டுவிட்டு ஒரு டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் சுற்றளவைப் பாருங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எடை என்னவாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். இறுக்குகிற பேன்ட் உங்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சரி, தசை அளவு மட்டும்தான் பிரச்சினையா என்றால் இல்லை, இருக்கிற தசையின் தரமும் மாறுகிறது. 2003இல் யேல் பல்கலைக்கழகத்தில் 60ஐத் தாண்டிய ஒல்லியான, நோயில்லாத பெரியவர்களையும், அதே அளவு தசையும் கொழுப்பும் கொண்ட இளைஞர்களையும் ஒப்பிட்டார்கள். பெரியவர்களின் தசை இன்சுலினின் சொல்லைக் கேட்பது வெகுவாகக் குறைந்திருந்தது, தசை நார்களுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் கொழுப்பு கூடியிருந்தது, எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. எரிக்காத கொழுப்பு தசைக்குள்ளேயே தங்கி, இன்சுலின் கதவைத் தட்டும்போது உள்ளே சமிக்ஞை போகாமல் தடுக்கிறது. அப்புறம் கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலினை அனுப்புகிறது, சில வருடங்கள் அப்படியே ஓடும், சர்க்கரை அளவு நார்மலாகவே காட்டும்.

எண்ணெயே சாப்பிடாதவருக்கு டிரைகிளிசரைடு எப்படி 210 ஆகும் என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, பதில் உங்கள் தட்டில் உள்ள சோற்றில் இருக்கிறது. தசை ஏற்காத குளுக்கோஸ் கல்லீரலுக்குப் போகிறது, கல்லீரலின் 100 கிராம் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும், மிச்சத்தை அது கொழுப்பாக மாற்றி, வி.எல்.டி.எல். என்கிற பொட்டலங்களாகக் கட்டி இரத்தத்தில் விடுகிறது. அதே யேல் குழு 2007இல், இன்சுலினை ஏற்காத தசை கொண்ட ஒல்லியான இளைஞர்களுக்கு மாவுச்சத்து மிகுந்த உணவைக் கொடுத்து அளந்தபோது, தசையில் கிளைகோஜன் சேர்வது 60 சதவீதம் குறைவாகவும், கல்லீரல் கொழுப்பு தயாரிப்பது இரண்டு மடங்குக்கு மேலாகவும், இரத்த டிரைகிளிசரைடு 60 சதவீதம் அதிகமாகவும் இருந்தது, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 20 சதவீதம் குறைவு. இளைஞர்களுக்கே இப்படி. வெறும் வயிற்றில் எடுத்த டெஸ்டில் 210 வந்தால் மீன் வறுவலைக் குற்றம் சொல்வதற்கு முன் மத்தியானச் சோற்றின் உயரத்தைப் பாருங்கள். மது உண்டென்றால் அதையும்.

கொழுப்புத் திசுவுக்கும் வயதாகிறது, இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டு சோதித்ததால் காற்றில் கார்பன்-14 ஏறியது, 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு இறங்கி வந்தது. செடி அதை எடுத்துக்கொண்டது, நாம் செடியைச் சாப்பிட்டோம், ஆக உடம்பில் உள்ள ஒரு மூலக்கூறில் கார்பன்-14 எவ்வளவு என்று பார்த்தால் அது எந்த ஆண்டு உருவானது என்று சொல்லிவிடலாம். சுவீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்துக்காரர்கள் இதை வைத்து, கொழுப்புச் செல்கள் ஆண்டுக்கு சுமார் 10 சதவீதம் புதுப்பிக்கப்படுகின்றன, ஒரு செல்லின் ஆயுள் பத்தாண்டு வரை, அதற்குள் அதிலுள்ள கொழுப்பு பலமுறை மாறிவிடுகிறது என்றெல்லாம் கணக்கிட்டார்கள். 2019இல் 54 பேரைச் சராசரியாக 13 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து வெளியிட்டதுதான் உங்களுக்கு வேண்டியது: எடை கூடியவர், குறைந்தவர் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாருக்கும் கொழுப்பு உள்ளே போய் வெளியே வருகிற வேகம் வயதோடு குறைந்தது. அதற்கேற்ப உணவைக் குறைக்காதவர்களுக்கு எடை சராசரியாக 20 சதவீதம் ஏறியது. "அதே சாப்பாடுதான் சாப்பிடுகிறேன்" என்பது 52 வயதில் நல்ல வாதமாக இல்லாமல் போவது இதனால்தான்.

இடமும் மாறுகிறது. தொடை, பிட்டம், கை ஆகியவற்றின் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புதான் பாதுகாப்பான கொழுப்பு. வயதாக ஆக அங்கே புதுச் செல்களை உருவாக்கும் திறன் குறைந்து, வழிகிறது எல்லாம் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் தசையிலும் போய் உட்காருகிறது. ஐம்பதைத் தாண்டிய பல ஆண்களின் உருவம் நினைவிருக்கிறதா, கை கால் மெலிந்து, கன்னம் ஒட்டி, தொப்பை மட்டும் முன்னால். அது இந்த இடமாற்றம்தான். பெண்களுக்கு இதே மாற்றம் மாதவிடாய் நிற்கும் சமயத்தில் ஓரிரு ஆண்டுக்குள் வேகமாக நடந்துவிடுகிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்க, இடுப்புக் கொழுப்பு வயிற்றுக்கு வருகிறது, கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லும் அப்போது சட்டென்று ஏறுகிறது. எல்.டி.எல்.லைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் கொக்கிகள் கல்லீரலில் இருக்கின்றன, பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் வாங்கியது அந்தத் துறையில்தான். ஈஸ்ட்ரோஜன் அந்தக் கொக்கிகளை அதிகமாக வைத்திருக்க உதவும், அது போனதும் அவையும் குறைகின்றன. உங்கள் மனைவிக்கும் இதே வயதென்றால் அவருக்கும் ஒரு லிப்பிட் டெஸ்ட் எடுங்கள். நம் வீடுகளில் ஆணுக்கு மட்டும் மாஸ்டர் ஹெல்த் செக்கப், பெண்ணுக்கு "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பதோடு முடிந்துவிடுகிறது.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி வயது தானாகச் செய்வதைவிட, உட்கார்ந்தே கழிந்த வருடங்கள் செய்தது. பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஓடியும் சைக்கிள் மிதித்தும் வரும் பெரியவர்களை மேயோ கிளினிக்கில் அளந்தபோது, இன்சுலினை ஏற்பதில் அதேபோலப் பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கு அவர்கள் சளைக்கவில்லை. வயதின் கணக்கிலேயே எழுத வேண்டியது கணையம். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் முதல் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு புதிதாக உருவாவது மிக மிகக் குறைவு, இதையும் அந்த அணுகுண்டுக் கார்பனை வைத்துத்தான் உறுதிப்படுத்தினார்கள். இருப்பதை வைத்துத்தான் கடைசிவரை ஓட்ட வேண்டும். அம்மாவுக்குச் சுகர் என்றால் உங்களுக்கு அந்தக் கையிருப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்க வாய்ப்புண்டு, ஆகவே அதை வேலை வாங்காமல் வைத்திருப்பது உங்களுக்கு இன்னும் முக்கியம்.

இன்னொரு விஷயம், வயதோடு வெறும் வயிற்றுச் சர்க்கரை மிக மெதுவாகத்தான் ஏறும், சாப்பிட்ட பிறகான சர்க்கரைதான் முதலில் எகிறும். அதனால் 108ஐ மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் டெஸ்டை ஒருமுறை எடுங்கள். 140க்குக் கீழ் என்றால் நிம்மதி, 140 முதல் 199 வரை முன்சர்க்கரை நிலை, 200 தொட்டால் டாக்டரிடம் பேச்சே வேறு.

என்ன செய்வது என்றால், உங்களைப் போல முன்சர்க்கரை நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல இருக்கும் ஆதாரம் ஆச்சரியமாக நல்லது. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடத்தி 2002இல் வெளியான சர்க்கரைத் தடுப்பு ஆய்வில், உணவும் நடையும் சர்க்கரை நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தன, மெட்பார்மின் என்கிற சுகர் மாத்திரை 31 சதவீதம். அதிலேயே 60 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் உணவும் நடையும் 71 சதவீதம் குறைத்திருந்தன, மெட்பார்மினோ அந்த வயதினரிடம் பெரிதாகப் பலன் தரவில்லை. "இந்த வயசுல இனி என்ன" என்பவர்களிடம் நான் நீட்டுவது இந்த எண்ணைத்தான். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து 2006இல் வெளியிட்டதில் குறைவு 28.5 சதவீதம். அங்கேயும் பலன் உண்டு, ஆனால் நமக்கு அது அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை, இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

காலை நடையை விடச் சொல்லவில்லை, ஆனால் சாப்பிட்ட பிறகு நடப்பதற்கு உங்கள் வயதில் தனி மதிப்பு. 60க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வில் மூன்று வேளையும் சாப்பிட்டு அரை மணி கழித்து 15 நிமிடம் நடந்தது நாள் முழுவதற்குமான சர்க்கரையை இறக்கியது, குறிப்பாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஏற்றத்தை. சுருங்கும் தசை இன்சுலின் அனுமதி இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், அதுதான் ரகசியம். மொட்டை மாடியிலோ தெருவிலோ நடந்தால் போதும், ஷூகூட வேண்டாம்.

நடை தசையை வளர்க்காது, அதற்குப் பாரம் தூக்க வேண்டும். 1990இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பளு பயிற்சி கொடுத்தார்கள், முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் முடிந்தது ஐம்பத்திரண்டில் முடியாதா? வாரம் இரண்டு மூன்று நாள், நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதில் ஆரம்பித்து, தண்ணீர் கேன், டம்பெல் என்று போகலாம். பிரஷர், இதயப் பிரச்சினை இருந்தால் கேட்டுக்கொண்டு.

கூடவே புரதம். வயதான தசை, ஒரே அளவு புரதத்துக்கு இளம் தசை அளவு வளர்வதில்லை, எனவே கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படுகிறது. உங்களுக்கு 66 முதல் 80 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் 8, 9 கிராம், நூறு கிராம் மீனில் 20 கிராம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பீர்கள், நம் சாம்பாரில் எவ்வளவு பருப்பு என்பது பாத்திரத்தின் அடியைக் கலக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலை இட்லியை இரண்டாக்கி இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்தாலே அன்றைய சர்க்கரைக் கோடு மாறும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கூடியவர்கள் மட்டும் இந்தக் கணக்கை டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

இனி அம்மா. 76 வயதில் முயற்சி இல்லாமல் எடை இறங்கினால் அது சந்தோஷப்பட வேண்டியதில்லை. கரைவது கொழுப்பாக மட்டும் இருக்காது, தசையும் சேர்ந்து போகும். சமீபத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாரா? சராசரி 67 வயதான, ஆரோக்கியமான ஆட்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போனது. பல் சரியில்லாமல் கஞ்சி, ரஸ்க், ரசம் சாதம் என்று ஓட்டுகிறாரா? அதில் புரதம் எங்கே இருக்கிறது? தைராய்டு, மனச்சோர்வு, உள்ளே வேறு ஏதாவது நோய், இவற்றையும் டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும்.

சர்க்கரை தானாக இறங்குவது இன்னும் கவலை. சாப்பாடு குறைந்திருக்கலாம், அல்லது வயதோடு சிறுநீரகத்தின் வேகம் குறைந்து, முன்பு ஒரு நாளில் வெளியேறிய மாத்திரை இப்போது இன்னும் நீண்ட நேரம் உடம்பில் நின்று வேலை செய்யலாம். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரைகள் கணையத்தை அழுத்தி இன்சுலினைப் பிழிபவை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை வேலை செய்யும். முன்னது முதியவர்களுக்கு வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டிகளே சொல்கின்றன. மாத்திரை அட்டையைப் படம் எடுத்து, கிரியேட்டினின் ரிசல்ட்டோடு டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவுக்கு இலக்கும் வேறு: நன்றாக நடமாடும் முதியவருக்கு ஹெச்பிஏ1சி 7 முதல் 7.5க்குள் போதும், பல நோய்கள் உள்ளவருக்கு 8க்குள் இருந்தால் போதும் என்பதுதான் இன்றைய நடைமுறை. 6க்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை.

முதியவர்களுக்கு லோ சுகர் வந்தால் வியர்வை, நடுக்கம், படபடப்பு வராமலேயே போகலாம். திடீரென்று பேச்சு குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் பார்ப்பது, காரணமில்லாத எரிச்சல், விடியற்காலையில் பாத்ரூம் போகும்போது விழுவது என்று வரும், வீட்டில் "வயசாச்சு, மறதி" என்று விட்டுவிடுவார்கள். அப்படி எதைப் பார்த்தாலும் முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள். 70க்குக் கீழ் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை, ஏறியதும் ஏதாவது சாப்பிட வையுங்கள். இந்த மாத்திரைகளால் வந்த லோ சுகர் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரும், அதனால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். விழுங்க முடியாத மயக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்குப் போன் செய்யுங்கள்.